பக்கத்து சீட்டின் பிரேக்

ஒரு காரை ஓட்ட ஒரு ஆள் போதும் என்பது உலக வழக்கு. அந்த வீட்டில் மட்டும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கும் ஆக்சிலரேட்டரும் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். பிரேக் அவர் மனைவியின் பொறுப்பு.

காரணம் எளிது. மாஸ்டர் நடத்தியது டிரைவிங் ஸ்கூல். இருந்தது ஒரே கார், அதுவும் ஸ்கூல் கார். அந்த மாதிரி காரில், ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக் போதாதென்று பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒன்று இருக்கும். படிக்க வந்தவர் பதறிப்போய் எதையாவது இடிக்கப் பார்த்தால், பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் அழுத்தி நிறுத்துவதற்காக. பகலெல்லாம் அந்தப் பிரேக்கில் கால் வைத்து அடுத்தவர் உயிரைக் காப்பாற்றிய மனிதர், சாயங்காலம் மனைவியோடு வெளியே கிளம்பும்போது ஓட்டுகிற சீட்டுக்கு மாறிவிடுவார். பக்கத்து சீட்டு மனைவிக்கு. அந்தப் பிரேக்கும் மனைவிக்கு.

புருஷன் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே கால் மரத்துப்போன பெண்கள் உலகத்தில் ஏராளம். மிதித்தால் நிற்கும் என்ற வரம் கிடைத்தவள் இவள் ஒருத்திதான். வரத்தை அவள் வீணாக்கவில்லை. நாய் குறுக்கே வந்தால் அழுத்துவாள். நாய் வருமோ என்று தோன்றினாலும் அழுத்துவாள். நாயே இல்லாத சாலையில், இத்தனை நேரம் நாய் வராததே சரியில்லை என்றும் அழுத்துவாள். கல்யாணமான புதிதில் மாஸ்டர் கத்திப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, மனைவியோடு வெளியே போகும்போது பிரேக்கைத் தொடுவதையே விட்டுவிட்டார்.

"வண்டி என்னோடது. நிறுத்துறது அவ," என்று படிக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்கள் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பேர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அதன் பிறகு எந்த வாயிலும் வரவில்லை.

மாஸ்டர் போனது காரில் இல்லை. அப்படிப் போயிருந்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற எதிர்க்கடைக்காரருக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்தார், சாய்ந்தபடியே உட்கார்ந்தார். நெஞ்சு. எல்லாவற்றையும் நேரத்தில் நிறுத்தியவளுக்கு அன்றைக்கு அழுத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு மருந்து கொண்டுவந்தார்கள். அழுதுவிடு, மனசு லேசாகும் என்றார் ஒருவர். அழாதே, கண் போய்விடும் என்றார் அடுத்தவர். மூன்றாமவர் தன் பித்தப்பை ஆபரேஷனை ஆதியோடு அந்தமாகச் சொல்லி, மாஸ்டர் கொடுத்து வைத்தவர் என்று முடித்தார்.

"காலம் எல்லாத்தையும் ஆத்தும்மா," என்றாள் ஒரு பெரியம்மா, மூன்றாம் முறையாக.

"ஆத்தட்டும் பெரியம்மா. அதுக்குள்ள உங்க டீ ஆறிடப் போவுது, குடிங்க," என்றாள் பிரேக் அக்கா. துக்க வீட்டுக்காரி இவ்வளவு தெளிவாகப் பேசக் கூடாது என்று அன்றே ஒரு கருத்து உருவானது.

வீடு காலியானதும் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலமானால் ஷெட்டுக்குப் போவாள். காரில் ஏறி, தன் சீட்டில் உட்காருவாள். பிரேக்கில் கால் வைப்பாள். பக்கத்தில் ஸ்டியரிங் சும்மா இருக்கும். இருட்டத் தொடங்கியதும் இறங்கி வந்து சமைப்பாள். அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் இல்லாத வழக்கம். யாரும் பார்க்காத வரையில்.

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது பார்த்துவிட்டான். பார்த்ததும் அவன் முடிவு எடுத்தான். அம்மாவின் விஷயத்தில் பிள்ளைகள் எடுக்கும் முடிவுக்கு யோசனை தேவையில்லை, பாசம் போதும்.

"காரை வித்துடலாம்மா. எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் கேக்குறார். ஓட்டத் தெரியாத வீட்டுல கார் எதுக்கு?"

"யாருக்குடா தெரியாது?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

டிரைவிங் மாஸ்டரின் மகனுக்கு ஓட்டத் தெரியாதா என்று கேட்கிறவர்கள் தங்கள் சொந்த அப்பாவிடம் ஓட்டப் படித்திருக்க மாட்டார்கள். அவன் ஒரே ஒரு நாள் படித்தான். பாதி வழியில் காது சிவக்க இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தான். மாஸ்டரின் பொறுமையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு.

"எனக்குப் பாதி தெரியும்," என்றாள் அம்மா.

"எந்தப் பாதி?"

"நிறுத்துற பாதி."

"நிக்கிற காரை நிறுத்த ஆள் எதுக்கும்மா?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினாள். பிறகு திரும்பினாள்.

"அடுத்த லீவு எப்ப?"

"ஏன்?"

"அதுக்குள்ள நான் லைசென்ஸ் எடுத்துட்டா?"

"எடுத்துட்டா கார் உங்களோடது. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அதுக்காகவே எடுக்கணும்டா," என்றாள்.

மகன் ஊருக்குப் போன மறுநாள், பிரேக் அக்கா தெருவைக் கடந்தாள். இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு சின்னத் தெரு. ஆனால் வருஷக்கணக்காக யாரும் கடக்காத தெரு. எதிர்க்கடைக்காரர் 'முதல் முறையிலேயே லைசென்ஸ்!' என்று பலகை மாட்டியிருந்தார். அதற்கு மாஸ்டர் 'லைசென்ஸ் மெதுவாக வரலாம், போன உயிர் வராது' என்று தன் பலகையில் பதில் எழுதினார். அதோடு பேச்சு நின்றது.

தெருவில் எல்லோருக்கும் வெறும் 'எதிர்க்கடை'யான அவர் குட்டையான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி. அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, எழுந்தது தப்போ என்று மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் கார் ஓட்டக் கத்துக்கணும்."

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்தப் படி ஏறியிருப்பீங்களா?"

"அவர் இருந்திருந்தா நான் எதுக்கு ஓட்டக் கத்துக்கணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, நாளைக்கு என் வண்டியில..."

"என் வண்டியிலதான் அண்ணே."

"அந்த ஆளு சீட்டுல நான் உக்காரணுமா?"

"அது என் சீட்டு. பகல்ல மட்டும் அவருக்கு விட்டுக் கொடுத்திருந்தேன்."

மறுநாள் எதிர்க்கடை அந்த சீட்டில் உட்கார்ந்த விதம், அடுத்தவன் செருப்பில் தவறிக் கால் நுழைத்தவர் மாதிரி இருந்தது. நெளிந்தார். பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"பிரேக்க நல்லாத்தான் வெச்சிருக்காரு மனுஷன்," என்றார்.

இத்தனை வருஷத்தில் முதல் பாராட்டு. அதைக் கேட்க வேண்டிய காது இல்லாதபோது சொல்வதுதான் மனித நாகரிகம்.

பாடம் தொடங்கும் முன்பே தகராறு தொடங்கியது. பிரேக் அக்கா வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்திருந்தாள். அதை முதுகுக்குப் பின்னால் கொடுத்து, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கட்டை விரலால் பெடலைத் துழாவினாள்.

"தலையணை எதுக்கு? அடியில கம்பி இருக்கு பாருங்க. அதைத் தூக்கி சீட்டை முன்னால இழுங்க."

"வேணாம்ணே. இதுவே வசதியா இருக்கு."

"தலையணை வெச்சுத் தூங்கலாம் தங்கச்சி. ஓட்ட முடியாது."

"எனக்குத் தூக்கம்தான் வர்றதில்ல. ஓட்டியாவது பாக்கிறேன்."

அவள் சொல்லாத சங்கதி வேறு. படிக்க வருகிறவர்கள், நெட்டையும் குட்டையுமாக, பகல் முழுக்க அந்த சீட்டை முன்னும் பின்னும் இழுத்தடிப்பார்கள். கடைசி ஆள் இறங்கியதும் மாஸ்டர் ஏறி, கம்பியைத் தூக்கி, சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளுவார். நீளமான கால். கடைசி சாயங்காலமும் அப்படித்தான் தள்ளினார். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அவர் சட்டைகள் துவைத்தாகிவிட்டது. அவர் படுத்த பக்கம் உறை மாற்றியாகிவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ்ஷை மகன் எடுத்து எங்கேயோ போட்டுவிட்டான். வைத்தது வைத்தபடி இருப்பது இந்த சீட்டு ஒன்றுதான். அது எதற்கு நகர வேண்டும்? அவள் நகர்ந்துகொண்டால் போகிறது.

முதல் வாரம் காலி மைதானத்தில் ஓடியது. கிளட்ச், கியர், வளைவு எல்லாம் வந்தது. எதிர்க்கடை தன் பலகையின் பெருமையை நினைத்துச் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் சாலைக்குப் போனார்கள். ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து நீட்டினார் தலையை.

கார் நிற்கவில்லை. பாய்ந்தது.

எதிர்க்கடை தன் பிரேக்கை மிதித்தார். அவர் கண்ணாடி மூக்கை விட்டுக் கிளம்பி முன் கண்ணாடியில் மோதி விழுந்தது. சைக்கிள்காரர் இரண்டு குடும்பத்தின் முன்னோர்களையும் விசாரித்துவிட்டுப் போனார்.

"ஏன் தங்கச்சி முடுக்குனீங்க?"

"நான் எங்க முடுக்குனேன்? பிரேக்தான் போட்டேன்."

"பிரேக் போட்டா வண்டி பறக்குமா?"

"அதான் எனக்கும் புரியல."

மறுநாள் ஒரு தள்ளுவண்டி. அதற்கு மறுநாள் யாரோ ஒருவரின் மாமியார். ஒவ்வொரு தடவையும் கார் பாய்ந்தது. எதிர்க்கடை பேசாமல் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் காரை ஓரங்கட்டச் சொன்னார்.

"இந்த சீட்டுல உக்காந்து எத்தனை வருஷமா பிரேக் போட்டீங்க?"

"கல்யாணம் ஆனதுல இருந்து."

"இங்க இருக்கறது ஒரே பெடல். பயந்தா அழுத்துவீங்க, நின்னுடும். உங்க காலுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அங்க உங்க கால் இருக்கறது ஆக்சிலரேட்டர் மேல. பயந்ததும் அழுத்துறீங்க. உங்க கால் இன்னும் இந்தப் பக்கமே உக்காந்திருக்கு தங்கச்சி."

அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல.

"முதல்ல தூக்கணும். அப்புறம் நகத்தணும். அப்புறம்தான் அழுத்தணும்," என்றார் அவர்.

அன்று முதல் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு செருப்பு வந்தது. ஒன்று ஆக்சிலரேட்டர், ஒன்று பிரேக். சாப்பிட்டுக்கொண்டே தூக்கு, நகத்து, அழுத்து. காய் நறுக்கிக்கொண்டே தூக்கு, நகத்து, அழுத்து. பெரியம்மா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியில் தனியாகத் துள்ளுகிற காலைப் பற்றி உறவு முழுக்கத் தகவல் கொடுத்தாள். பாவம், மூளைக்கு ஏறிவிட்டது என்று ஏகமனதாக முடிவானது. மகன் போனில் பதறினான்.

"அம்மா, கால் என்னமோ இழுக்குதாமே?"

"ஆமாடா. முன்னால இழுக்குது. அதைத்தான் பழக்கிட்டு இருக்கேன்."

மேஜையடியில் கால் படித்தது. காரில் மறந்தது. காரணம் எதிர்க்கடைக்குத் தெரியும். தினம் ஒரு தடவை சொல்லவும் செய்தார். "குதிகால் தரையில ஊணினா கால் தானா திரும்பும். தொங்குற கால் திரும்பாது. சீட்டை இழுங்க." அவள் தினம் ஒரு தடவை மறுத்தாள். "அந்த ஆளும் இப்படித்தான், பிடிச்சா பிடிச்சதுதான்," என்று அவர் முணுமுணுப்பார். அது திட்டு. அவள் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வாள்.

டெஸ்ட் நாள் வந்தது. பக்கத்து சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார். உலகத்தில் யாருக்கும் ஓட்டத் தெரியாது என்பதை ஆயிரம் தடவை நேரில் கண்டுவிட்ட முகம். வளைவுகள் ஆயின, பின்னால் எடுத்தது ஆயிற்று, சாலையில் இறங்கினார்கள். ஒரு கட்டடத்தின் கேட்டிலிருந்து சாமான் ஏற்றிய கைவண்டி ஒன்று வெளியே வந்தது. தலையணை ஒரு பக்கமாக நழுவியது. கால் தொங்கியது.

கார் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"என்னம்மா, என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

"இல்ல சார். நிறுத்தப் பாத்தேன்."

"வித்தியாசம் தெரிஞ்சதும் வாங்க," என்று இறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது எதிர்க்கடைதான் ஓட்டினார். பிரேக் அக்கா வெகு நாளைக்குப் பிறகு தன் பழைய சீட்டில் இருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தாள். அவளைவிடக் குட்டையான அந்த மனிதர் சீட்டை இழுக்கவில்லை. தலையணையும் இல்லாமல், நுனியில் தொற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மரக்கிளையில் உட்கார்ந்த கோழி மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, சீட்டை இழுத்துக்கலாமே?"

"நீங்க இழுக்காததை நான் எப்படி இழுக்கறது?"

சிக்னலில் நிறுத்தத் தடுமாறினார். கார் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. வியர்த்திருந்தது.

"நானும் வழி முழுக்கப் பாத்துட்டேன் தங்கச்சி. இப்படி உக்காந்து பிரேக் போட எனக்கே வரல. உங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அந்த ஆளு காலு அவ்வளவு நீளம். அது அவருக்கான இடம். அங்க நீங்களும் உக்கார முடியாது, நானும் உக்கார முடியாது."

ஷெட்டில் காரை விட்டுவிட்டு அவர் தெருவைக் கடந்து போனார்.

மத்தியானம். ஷெட்டின் தகரக் கூரை சூட்டில் படபடத்தது. பிரேக் அக்கா ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். தலையணையை எடுத்துப் பின்னால் எறிந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்தாள். பெடல்கள் எங்கேயோ தூரத்தில் இருந்தன. கால்கள் அந்தரத்தில் ஆடின. பெரிய மனுஷர் நாற்காலியில் ஏறிய குழந்தைக்கு ஆடுவது போல. அடியில் கையை விட்டாள். கம்பி அகப்பட்டது. பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்றாள்.

சோபாவில், பெஞ்சில், படுக்கையில் என்று ஆயிரம் தடவை அவரிடம் சொன்ன வார்த்தை. சொன்னால் உடனே தள்ளிக்கொள்கிற மனிதர்தான். கம்பியைத் தூக்கினாள். முழு பலத்தையும் கொடுத்து இழுக்கத் தயாராக இருந்தவளுக்கு, ஒரு விரல் பலம்கூடத் தேவைப்படவில்லை. ஊர்ப்பட்ட பேர் இழுத்து இழுத்து வழவழத்துப்போன தடம். சறுக்கென்று முன்னால் வந்து, டக்கென்று நின்றது. குதிகால் தரையில் பட்டது.

இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுதான் என்பதுதான் தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். துக்கம் விசாரித்த அத்தனை பேரும் எதிர்பார்த்துக் காத்திருந்து ஏமாந்துபோன அழுகை. நெற்றி விழுந்த இடம் ஹாரன். தெரு முழுக்க அலறியது.

எதிர்க்கடை செருப்பில்லாமல் ஓடி வந்தார். "என்னாச்சு தங்கச்சி?"

அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணும் இல்லண்ணே. ஹாரன் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

அவர் சீட்டைப் பார்த்தார். அது நின்ற இடத்தைப் பார்த்தார்.

"நல்லாவே செய்யுது," என்றார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க நிறைய இருந்தது போலிருக்கிறது, போகும்போதும் துடைத்துக்கொண்டே போனார்.

அதன் பிறகு கதை வேகமாக ஓடியது, காரும் ஓடியது. ஊன்றிய குதிகாலுக்குத் திரும்பத் தெரிந்திருந்தது. இரண்டாம் டெஸ்டில் முன்னால் நின்ற ஒரு லாரி சொல்லாமல் கொள்ளாமல் ரிவர்ஸில் வந்தது. தூக்கினாள், நகத்தினாள், அழுத்தினாள். இன்ஸ்பெக்டர் கால் அசையவே இல்லை. "அடுத்த ஆள்," என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஆச்சு. இனி நிம்மதி," என்றார் எதிர்க்கடை.

"உங்களுக்கு எங்க நிம்மதி? அடுத்தது சொல்லித் தர்றதுக்கான அனுமதி வாங்கப் போறேன். ஸ்கூலைத் திறக்கணும்."

"எனக்கே போட்டியா?"

"பலகைகூட யோசிச்சாச்சு. 'இரண்டாம் முறையும் வாங்க, திட்ட மாட்டோம்.'"

எதிர்க்கடை தன் பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மகனுக்கு அவள் எதையும் சொல்லவில்லை. அடுத்த லீவில், சாயங்காலம் காரைப் பார்க்க ஆள் வருவார் என்று போனில் சொல்லிவிட்டு அவன் ரயிலேறினான். ஸ்டேஷன் வாசலுக்கு வந்தவன் முன்னால் அப்பாவின் கார் நின்றது. பையோடு குனிந்து உள்ளே தேடினான்.

"யாரும்மா ஓட்டிட்டு வந்தது?"

"ஏறு உள்ள."

"இல்ல, டிரைவர் எங்க?"

"உன்னைப் பெத்ததுல இருந்து இங்கதான் இருக்கேன். ஏறுடா, பின்னால ஹாரன் அடிக்கிறான்."

ஏறினான். பக்கத்து சீட்டில். பெல்ட்டை இழுத்து மாட்டி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். வாய் திறக்கவில்லை, கொடுத்த வாக்கினால் அல்ல, பயத்தினால். கார் கிளம்பியது. முதல் திருப்பத்தில் ஒரு பஸ் தெரிந்தது. கார் குலுங்கி நின்று என்ஜின் அணைந்தது.

"யாருடா பிரேக் போட்டது?"

"பஸ் வருதும்மா!"

"அது ஸ்டாப்புல நிக்கிற பஸ்டா."

மறுபடி கிளம்பினாள். ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. குலுங்கி நின்றது. மறுபடி கிளம்பினாள். இந்தத் தடவை ஒரு ஆள், அதுவும் நடைபாதையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நட்டநடு சாலையில் கார் நின்றது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டின. பிரேக் அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் எரிச்சல் ஏறியது. பல்லைக் கடித்தாள். கத்த வாயைத் திறந்தாள்.

வாய் திறந்தபடி அப்படியே நின்றது.

ஒரு மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாஸ்டர். சாயங்கால நேரத்துக்கு மட்டும் அந்தப் பிரேக்கைக் கழற்றி வைக்க எத்தனை நிமிஷமாகும்? வந்த நாய்க்கும் வராத நாய்க்கும் குலுங்கிக் குலுங்கி, அணைந்த என்ஜினைக் கிளப்பிக் கிளப்பி, ஒவ்வொரு சாயங்காலமும் "போலாமா?" என்று கேட்டாரே. சொல்லாமலே இருந்திருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

"உங்கப்பா எப்பேர்ப்பட்ட பொறுமைசாலிடா!"

"அப்பாவா?" மகன் தன்னையறியாமல் காதைத் தொட்டான். "நாம வேற யாரையோ பத்திப் பேசறோம்னு நெனைக்கிறேன்."

"உனக்குச் சிவந்த காது, எனக்குப் பொறுமை. ஆளுக்கொண்ணு கொடுத்துட்டுப் போயிருக்கார்."

அவனும் சிரித்துவிட்டான். பின்னால் ஹாரன்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வீட்டுக்குப் போய்ச் சிரிங்களேன் என்றார்.

"கார் பாக்க வர்றவர் வாசல்ல நிப்பாரும்மா," என்றான் மகன்.

"போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. அதுக்கு முன்னால காலை எடுத்து சீட்டு மேல வெச்சுக்கோ. சம்மணம் போட்டு உக்காரு. நான் பாத்துக்கறேன்."

அவன் செருப்பைக் கழற்றி, கால்களைத் தூக்கி மடித்துக்கொண்டான். அவள் என்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடியில் பின்னால் பார்த்து, கோபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கியரைப் போட்டாள்.